காலி வாசல் ரூபாய்

மாதாப்பூர்,
9 ஜனவரி 2024

விவரம் எழுதுபவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் கடைக்கு அல்ல. கடையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நாணயத்தின் கீழும் நான்கைந்து வரி எழுதுகிறாரே, அவருக்கு. புகார்ப் பெட்டியில் முந்நூறு எழுத்துக்கு மேல் போகவில்லை, என் கோபமோ அதைவிடப் பெரியது. அதனால் பார்சலில் இருந்த பேகம்பேட் முகவரிக்கே தபால் போடுகிறேன். தமிழில் எழுதக் காரணம், நாணயத்தைச் சுற்றியிருந்த காலண்டர் தாள். டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாள் என்று தமிழில் அச்சடித்திருந்தது. உங்கள் கடையில் தமிழ் படிக்கிறவர் ஒருவராவது இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

நான் ரோகிணி. மதுரைக்காரி. பன்னிரண்டு வருடமாக இங்கே ஐதராபாதில் மென்பொருள் சோதிக்கும் வேலை. சார்மினார் பொறித்த நிஜாம் வெள்ளி ரூபாயில் ஒரு விசேஷம் உண்டாமே. அந்தச் சின்ன வாசலுக்குள் நிஜாம் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்திருப்பார்களாம். அந்த எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம். இரண்டாயிரத்து நானூறு கொடுத்து உங்களிடம் வாங்கினேன். வந்தது. லென்ஸை வைத்தேன். வாசலில் எழுத்தைக் காணோம். மொட்டை வாசல்.

என் கணவர் ஷ்யாம், "ரெண்டாயிரத்து நானூறு ரூபா குடுத்து ஒரு ரூபா வாங்குன ஒரே ஆளு நீதான். அதுவும் செல்லாத ரூபா," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பொருள், விவரத்துடன் ஒத்துப்போகிறது' என்று, உங்கள் கடையைப் போலப் பல கடைகளுக்கு இடம் கொடுத்திருக்கும் இணையதளம் கைவிரித்துவிட்டது. விவரத்தை மறுபடி படித்தேன். 'நிஜாம் ஸ்டைல் ரூபாய். சில்வர் டோன். சார்மினார் வாசல் டிசைன். எடை 9.6 கிராம்.' வெள்ளி என்று எங்கேயும் இல்லை. வெள்ளி நிறம் என்றுதான் இருக்கிறது. நிஜாம் அடித்தது என்று இல்லை. நிஜாம் பாணி என்றுதான் இருக்கிறது.

என் மானம் போன இடம் இன்னொன்று. பார்சல் வந்ததும் சமையலறைத் தராசில் எடை போட்டேன். 9.6 கிராம், அச்சுப் பிசகாமல். 'விவரப்படியே இருக்கிறது' என்று ஐந்து நட்சத்திரம் போட்டேன். உண்மையான நிஜாம் ரூபாய் பதினொரு கிராமுக்கு மேல் இருக்கும் என்பதை அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். கையில் உள்ள பொருள் காகிதத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று சரிபார்த்தே பழகியவள் நான். அந்தக் காகிதம் சரியா என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு இப்போது பணம் வேண்டாம். பொய் சொல்கிறவன் 'ஒரிஜினல் வெள்ளி' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போவான். நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்லாமல் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். ஏன் இவ்வளவு சிரமப்பட்டீர்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

ரோகிணி

*

மல்காஜ்கிரி,
16 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய ரோகிணி மேடத்துக்கு,

அந்த நான்கு வரியை எழுதியவள் நான்தான். பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் தூத்துக்குடி. வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. பேகம்பேட் கடையில் ஏழு வருடமாக இருக்கிறேன். படம் எடுப்பது, விவரம் எழுதுவது, பொட்டலம் கட்டுவது மூன்றும் என் பாடு. காலண்டர் தாள் எங்கள் வீட்டுடையது. கிழித்த தாளை வீணாக்க மனசு வராமல் கடைக்குக் கொண்டுபோகிறேன். கடைசியில் அதுவே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

உங்கள் கடிதம் முதலாளி கைக்குத்தான் வந்தது. புருஷோத்தமன் சாருக்குப் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. "இது என்னா ஸ்டெல்லா, கைக்கு இவ்ளோ நீளமா எழுதிருக்காங்க? கம்ப்ளைண்டா?" என்று கேட்டார். அவர் தமிழில் பாதி ஐதராபாத் உருது; 'கைக்கு' என்றால் 'ஏன்'. "காலண்டர் தாளைப் பத்தி எழுதிருக்காங்க சார்," என்றேன். பொய்யில்லையே.

நீங்கள் கேட்டதற்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் பொய் சொல்ல வராது. மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். சாமியாரிடம் முழந்தாள்போட்டு, செய்த பாவத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பொறாமைப்பட்டேன், பிள்ளையைத் திட்டினேன் என்று சொல்வேன். ஏழு வருடத்தில் 'பொய் சொன்னேன்' என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இந்த வேலையில் இருந்துகொண்டு அப்படி இருப்பது லேசான காரியமா? சார், "வெள்ளின்னு போடுங்க," என்பார். நான் 'சில்வர் டோன்' என்று போடுவேன். பாம்பும் சாகாமல் கோலும் நோகாமல் பிழைப்பு ஓடுகிறது.

அதோடு, கண் உள்ளவர்கள் பார்க்கட்டும் என்றுதான் எடையைப் போட்டேன். அந்தக் காலி வாசலைத் தனியாக, பெரிதாகப் படம் எடுத்துப் போட்டதும் நானே. மூன்றாவது படம். நீங்கள் பார்க்கவில்லையா?

எனக்கு இந்த வேலை வேண்டும் மேடம். பெரியவள் நர்சிங் படிக்கிறாள், அவள் ஹாஸ்டல் பணம் என் சம்பளத்திலிருந்துதான் போகிறது. கடைக்கு எழுதாதீர்கள். எழுதுவதென்றால் மேலே உள்ள வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

ஸ்டெல்லா

*

மாதாப்பூர்,
24 ஜனவரி 2024

அன்புள்ள ஸ்டெல்லா,

மேடம் வேண்டாம். ஆபீஸில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று.

மூன்றாவது படத்தை இப்போது பார்த்தேன். வாசல் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு காலியாக இருக்கிறது. வாங்கும்போது அதைப் பார்த்து 'அடடா, எவ்வளவு தெளிவான படம்' என்று நினைத்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. யாரை நொந்துகொள்வது?

உங்கள்மேல் கோபப்படத்தான் உட்கார்ந்தேன், அது வரமாட்டேனென்கிறது. அதற்குப் பதில் தெரிந்துகொள்ளும் ஆசைதான் வருகிறது. மூன்று நாளாக உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு விவரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். புரியாத இடங்களுக்கு நீங்கள்தான் உரை சொல்ல வேண்டும். 'எளிதில் கண்ணில் படாதது' என்றால் அரிது என்று அர்த்தமா? 'கண்ணைப் பறிக்கும் பளபளப்பு' என்று பழைய காலணாவுக்கு எழுதியிருக்கிறீர்களே, அது நல்லதா கெட்டதா? 'அன்சர்ச்ட் மூட்டை' என்கிறார்களே, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்காத மூட்டை, அது நிஜமாகவே உண்டா?

கடைசியாக ஒன்று. இதற்கு நேரான பதில் வேண்டும். 'சில்வர் டோன்' என்று எழுதியபோது, படிக்கிறவள் அதை வெள்ளி என்று நம்ப வேண்டும் என்று நினைத்தீர்களா, இல்லையா?

ரோகிணி

*

மல்காஜ்கிரி,
5 பிப்ரவரி 2024

அன்புள்ள ரோகிணி,

ஏழு வருடத்தில் என் எழுத்தை ஒருவர் உட்கார்ந்து படித்து அர்த்தம் கேட்பது இதுதான் முதல் தடவை. வீட்டில் மளிகைச் சீட்டைக்கூட ஒழுங்காகப் படிக்கமாட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

'எளிதில் கண்ணில் படாதது' ஒரு வெண்கலக் காசு. கிடங்கில் அது நானூறு இருக்கிறது. கிடங்குச் சாவி சாரிடம் இருக்கிறது. பிறகு எப்படி எளிதில் கண்ணில் படும்?

பளபளப்பு கெட்டது. நூறு வருடம் ஆயிரம் கை மாறிய காசு அப்படி மின்னாது. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே வேலைதான் இங்கேயும். புளியோ, அதைவிடக் காட்டமான எதுவோ. தேய்த்ததும் காசின் மேல்தோல் போய்விடும். விஷயம் தெரிந்தவன் தொடமாட்டான். தெரியாதவன் இரட்டை விலை கொடுப்பான். நான் கண்ணைப் பறிக்கிறது என்று எழுதினேன். நல்லது என்று எழுதவில்லை.

மூட்டைக் கதை கேளுங்கள். சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து நல்ல காசையெல்லாம் பொறுக்குவார். மிச்சத்தைச் சணல் பையில் கட்டி, அன்சர்ச்ட் என்று போடச் சொல்வார். அந்த வார்த்தையை நான் எழுதமாட்டேன் என்றேன். 'வந்த பையிலேயே வருகிறது' என்று எழுதினேன். பை அதே பைதான். வேறு கடைக்காரர்கள் அன்சர்ச்ட் என்று எழுதினால் நீங்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: நல்ல காசு உள்ளே இருக்கலாம் என்று தெரிந்தும் பிரித்துப் பார்க்காத வியாபாரி எந்த ஊரில் இருக்கிறான்?

இன்னொன்றும் சொல்கிறேன். 'பழைய குடும்பச் சேகரிப்பிலிருந்து' என்று வந்தால் எந்தக் குடும்பம் என்று கேளுங்கள். எல்லாக் குடும்பமும் பழைய குடும்பம்தான். 'ட்ரிப்யூட்' என்றால் நகல். 'தரம்: மிக உயர்வு' என்றிருந்தால் தரம் போட்டது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் விற்கிறவரேதான். நானே போட்டிருக்கிறேன், மன்னிக்கவும். அது என் கருத்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உங்கள் கடைசிக் கேள்வி ஞாபகமிருக்கிறது. அடுப்பில் பால் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஸ்டெல்லா

*

மாதாப்பூர்,
14 பிப்ரவரி 2024

அன்புள்ள ஸ்டெல்லா,

பால் பொங்கி ஒன்பது நாளாயிற்று. பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துச் சிரித்தேன். ஷ்யாமுக்கும் படித்துக் காட்டினேன். "இந்தம்மா எங்க கம்பெனி லீகல் டீம்ல இருக்க வேண்டியவங்க," என்கிறார்.

ஞாயிறு காலையில் காசு சேர்க்கிறவர்கள் இருபது பேர் கூடுவோம். போன ஞாயிறு உங்கள் விளக்கங்களை ஆங்கிலத்தில் ஒரு பட்டியலாக அடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். உங்கள் பெயரோ கடையின் பெயரோ அதில் இல்லை. இர்பான் என்று ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாகச் சேர்க்கிறவர். படித்துவிட்டு, "இத எழுதினவங்க கடைக்கு உள்ள இருந்துதான் எழுதிருக்கணும்," என்றார். எனக்கு ஒரே பெருமை. அதை அவர் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். இதுவரை நாற்பது பேர் நன்றி சொல்லிவிட்டார்கள். அந்த நன்றியெல்லாம் உங்களுக்குத்தான்.

ரோகிணி

*

மல்காஜ்கிரி,
1 மார்ச் 2024

ரோகிணி,

கடையின் பெயர் இல்லை என்கிறீர்கள். 'எளிதில் கண்ணில் படாதது' என்று இந்த ஊரில் வேறு யார் எழுதுகிறார்கள்? 'வந்த பையிலேயே வருகிறது' என்று எழுதுகிற இன்னொரு கடையைக் காட்டுங்கள் பார்ப்போம். ஐதராபாதில் ஒரு குழுவில் போட்டது ஒன்பதாம் நாள் சார் மேசையில் அச்சாகி இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் உங்கள் வாயால் கெட்டேன்.

உங்களை நம்பி எழுதினேன். அதை எடுத்துக் கூட்டத்தில் விநியோகம் செய்திருக்கிறீர்கள். உங்களுக்கு இது வேடிக்கை, எனக்கு வயிற்றுப்பாடு.

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாக ஒரு தங்க அஷ்ரஃபியை மேசைமேல் வைத்தார். அஷ்ரஃபி என்றால் நிஜாம் காலத்துத் தங்கக் காசு. இது அதன் நகல், முலாம் பூசியது. "ஹவ், ஆமா, நீங்க ரொம்ப சாமர்த்தியம் ஸ்டெல்லா. ஒத்துக்கறேன். ஆனா இப்ப ஸ்டைல், டோன் எதுவும் போட்டா ஜனங்க ஒடனே பட்டியல எடுத்துப் பார்க்கறாங்க. அதெல்லாம் நக்கோ, வேணாம். ஒரிஜினல், தங்கம். ரெண்டே வார்த்தை. திங்கக்கெழமைக்குள்ள போடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன்," என்றார்.

இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் விலை. ஏழு வருடம் நான் ஒதுங்கி ஒதுங்கிப் போன அந்த வார்த்தையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். இதற்கு உங்கள் குழுவில் என்ன விளக்கம் வைத்திருக்கிறீர்கள்?

ஸ்டெல்லா

*

மாதாப்பூர்,
5 மார்ச் 2024

ஸ்டெல்லா,

நான் செய்தது தவறு. கேட்காமல் செய்தேன். புதிதாக ஒன்று தெரிந்துவிட்டால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாத புத்தி எனக்கு. அது உங்கள் சோற்றில் கைவைக்கும் என்று யோசிக்கவே இல்லை. மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப் போல ஒதுங்கிப் போகிறவளாவேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

என் பணம் ஏன் திரும்பி வரவில்லை? விவரத்தில் பொய் இல்லாததால். 'ஒரிஜினல் வெள்ளி' என்று உங்கள் முதலாளி தன் கையால் எழுதியிருந்தால் மறுநாளே திரும்ப வாங்கியிருப்பேன். நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவருக்குத்தான் கவசமாக இருந்திருக்கிறது. எச்சரிக்கை என்று நீங்கள் வைத்ததெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் எச்சரிக்கை. அவர்களுக்கு அது தேவையே இல்லை. என்னைப் போன்றவர்களுக்குத் தேவை, எங்களுக்கோ அது புரியவில்லை.

அஷ்ரஃபி விஷயத்தில் என்ன செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஹாஸ்டல் பணம் கட்டப்போவது நான் இல்லையே.

ரோகிணி

*

மாதாப்பூர்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள ஸ்டெல்லா,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. வராது என்று தெரிந்தும் தபால்பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறேன்.

இன்று காலை உங்கள் கடைப் பக்கத்தில் அந்த அஷ்ரஃபியைப் பார்த்தேன். விற்றுவிட்டது என்று போட்டிருக்கிறது. 'நூறு சதவீதம் ஒரிஜினல் தங்கம், நிஜாம் காலத்தது, கியாரண்டி.' அதில் எடை இல்லை. மூன்றாவது படமும் இல்லை.

இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். நீங்கள் இதை எழுதவில்லை, அதனால் அங்கே இல்லை. அல்லது நீங்களே எழுதினீர்கள், எழுத வைத்தவள் நான். இரண்டாவது வேண்டாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது. முதலாவதும் உங்களுக்கு நல்லதில்லை என்று உடனே தோன்றுகிறது.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ரோகிணி

*

மல்காஜ்கிரி,
16 ஏப்ரல் 2024

அன்புள்ள ரோகிணி,

நான் எழுதவில்லை. மார்ச் நாலாம் தேதி திங்கட்கிழமையே கடைச் சாவியையும் கேமராவையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் ஐந்தாம் தேதிக் கடிதம் வந்தபோது வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டோமே, நாம் எவ்வளவு நல்லவள் என்று ஒரு மிதப்பு இருந்தது. உங்கள் கடிதம் அதையும் பிடுங்கிக்கொண்டது. மூன்று நாள் உங்களை வாயில் வந்தபடி திட்டினேன். தூத்துக்குடி வசவு, எழுத்தில் வராது.

அப்புறம் பெரிய வாரம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமானதைச் சொல்லிவிட்டு, "சாமி, ஏழு வருசமாப் பொய் சொல்லிருக்கேன்," என்றேன். அவர் திடுக்கிட்டு, "யார்ட்டம்மா?" என்றார். "ஆள் கணக்கு தெரியாது சாமி. ஒரு ஆள் பேரு மட்டும் தெரியும். மாதாப்பூர்ல இருக்காவ, சாப்ட்வேர்க்காரி," என்றேன். அவர் என்ன நினைத்தாரோ. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று புருஷோத்தமன் சார் வீட்டுக்கே வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. அஷ்ரஃபி வாங்கியவர் நகைக்கடையில் உரைத்துப் பார்த்திருக்கிறார். ஒரிஜினல், தங்கம், கியாரண்டி என்று எழுத்திலேயே இருந்ததால் இணையதளம் மறுபேச்சில்லாமல் முழுப் பணத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டதாம். கடையின் பக்கத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சார் எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க எழுதினது ஏழு வருஷத்துல ஒண்ணுகூட திரும்பி வரல ஸ்டெல்லா. ஒண்ணுகூட. வந்துடுங்க. ஒண்ணரை மடங்கு சம்பளம் தர்றேன்," என்றார்.

அவர் மனதாரப் பாராட்டினார் ரோகிணி. நீங்கள் எழுதியதை அப்படியே அவர் வாயால் கேட்டேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அத்தனை பேரில் ஒருவருக்கும் பணத்தைத் திரும்ப வாங்க நான் ஒரு ஓட்டைகூட விட்டுவைக்கவில்லை.

வரமாட்டேன் என்று சொன்னேன். ஸ்வீட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். இந்தத் தவணை ஹாஸ்டலுக்கு வளையலை அடகு வைத்தாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து இங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை. சம்பளம் பாதிதான். அங்கே சர்க்கரை இருநூற்றுப் பத்து என்றால் இருநூற்றுப் பத்து. பாணியும் இல்லை, டோனும் இல்லை.

பால் பொங்கிய கதையை இன்னும் நீட்டமாட்டேன். நீங்கள் கேட்டது: படிக்கிறவள் அதை வெள்ளி என்று நம்ப வேண்டும் என்று நினைத்தேனா? ஆமாம். ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

அந்த ரூபாய் இன்னும் உங்களிடம் இருந்தால் எனக்கு விற்றுவிடுங்கள். நீங்கள் கொடுத்த அதே விலையை மூன்று தவணையில் தருகிறேன். அது உங்கள் வீட்டில் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

ஸ்டெல்லா

*

மாதாப்பூர்,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள ஸ்டெல்லா,

நீங்கள் கேட்ட பொருளின் விவரம் கீழே. எழுத எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. இவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியாது.

நிஜாம் ரூபாயின் நகல். வெள்ளி இல்லை. எடை 9.6 கிராம், ஒரிஜினலைவிட ஒன்றரை கிராம் குறைவு. வயது அதிகம் போனால் ஐந்து வருடம். வாசலில் எழுத்து இல்லை. அரிதும் இல்லை, உங்கள் கிடங்கில் நிறைய இருக்கும். வாங்கியவள் மூன்றாவது படத்தைப் பார்த்தும் பார்க்காமல் வாங்கினாள். டிசம்பர் 26 காலண்டர் தாளில் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறாள்.

விற்பனைக்கு இல்லை.

பார்க்க வேண்டுமென்றால் 28ஆம் தேதி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். மெட்ரோவில் இறங்கியதும் போன் செய்யுங்கள், எண் உறையின் பின்னால் இருக்கிறது. நான் வாசலிலேயே நிற்பேன்.

ரோகிணி